மூன்று ஹெல்மெட் மாட்டிய வீடு

எங்கள் பைக் கிளப்பில் அவளை ஊசி என்றுதான் கூப்பிடுவோம். மோட்டார் சைக்கிள் சீட் தைப்பது அவள் தொழில். ஆளும் ஒல்லி, பேச்சும் நறுக்கென்று குத்தும். அதனால் அந்தப் பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. அவளைப் பற்றி ஆளாளுக்கு ஒரு கதை சொல்வார்கள். நான் முடிவெட்டுகிறவன், என் நாற்காலியில் உட்கார்ந்து துண்டைக் கட்டியதும் யாருக்கும் வாய் தானாகத் திறந்துகொள்ளும். எனவே எல்லாக் கதையும் என் காதுக்கு வந்திருக்கிறது. அதில் பாதி பொய். இருபது வருஷத்துக்கு மேல் அவளோடு வண்டி ஓட்டியவன் என்கிற முறையில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு காலத்தில் அவளுக்கு எதிராக ஓட்டுப் போட்டவர்களில் நானும் ஒருவன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

பேருந்துகளுக்கு சீட் தைக்கும் கம்பெனியில் ஆறு வருஷம் வேலை பார்த்துவிட்டு அவள் தனியாகக் கடை போட்டாள். ஒரு ஷட்டர், ஒரு கனத்த தையல் மெஷின், சுவரோரம் ரெக்சின் சுருள்கள். ஃபோம் அறுக்கும் தூள் எப்போதும் தலைமுடியில் ஒட்டியிருக்கும். பக்கத்துக் கடை லேத் பட்டறை. நடுவில் ஒரே சுவர். அந்தப் பட்டறைக்காரரைத்தான் இருபத்தேழு வயதில் கல்யாணம் செய்துகொண்டாள். அவர் ஒரு நாளைக்குப் பேசும் பேச்சை ஒரு தீப்பெட்டிக்குள் போட்டு மூடிவிடலாம். குழந்தைக்காகக் கொஞ்ச காலம் ஆஸ்பத்திரிக்கு அலைந்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள்.

கிளப்பை ஆரம்பித்தது அவர்கள் இரண்டு பேரும்தான். பழைய வண்டி வைத்திருந்த ஆறு பேர் ஞாயிற்றுக்கிழமை காலையில் பெட்ரோல் பங்கில் கூடினோம். லேத்துக்காரர் ஒரு அட்டையில் மூன்று விதி எழுதி மாட்டினார். குடித்துவிட்டு ஓட்டாதே. யாரையும் வழியில் விட்டுவிட்டு வராதே. வண்டியில் கோளாறு இருந்தால் மறைக்காதே.

தபால்காரர் நாலு வருஷம் கழித்து வந்து சேர்ந்தார். ஊசியைவிட இரண்டு வயது சின்னவர், கல்யாணம் ஆகாதவர். வாய் ஓயாது. திங்கள் முதல் சனி வரை இரண்டு சக்கரத்தில் சுற்றிவிட்டு ஞாயிறும் எதற்கு வண்டி என்று கேட்டேன். "அது அடுத்தவங்க விலாசத்துக்கு ஓட்டறது, இது நம்ம விலாசத்துக்கு" என்றார். அவருக்கு முதுகு வலி. சீட்டை மாற்றினால் சரியாகும் என்று யாரோ சொல்ல, ஊசியிடம் போனார்.

அவள் ஒரு தட்டில் ஈர மணலைப் பரப்பி, மேலே பிளாஸ்டிக் தாளைப் போட்டு, அவரை அதில் உட்காரச் சொன்னாள். எழுந்ததும் மணலில் பதிந்த அச்சைப் பார்த்தாள்.

"இடது பக்கம் சாய்ஞ்சு உக்கார்றீங்க."

"பை இடது தோள்லதான் தொங்கும்."

"அதான்." இடது பக்கம் ஒரு விரல் உயரம் கூட்டி ஃபோம் வெட்டிக் கொடுத்தாள். வலி போய்விட்டது. அப்படியும் அவர் இன்னும் சரியில்லை என்று மூன்று தடவை வந்தார். மூன்றாவது தடவை அவள் கத்தரியைக் கீழே வைத்தாள்.

"சீட்ல ஒரு கோளாறும் இல்ல. நீங்க எதுக்கு வர்றீங்க?"

"தெரிஞ்சுக்கிட்டே கேக்கறீங்களா?"

ஆமாம், அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. அவர் வரும் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டாலே மெஷினை நிறுத்திவிட்டுத் தலையில் இருந்த தூளைத் தட்டிக்கொள்ள ஆரம்பித்திருந்தாள். அவரை வீட்டுக்குப் போகச் சொன்னாள். மறுநாள் காலை டீ குடிக்கும்போது கணவரிடம் சொல்லிவிட்டாள்.

"ஏங்க, எனக்குத் தபால்காரரைப் பிடிச்சிருக்கு."

"எனக்கும் பிடிக்கும். நல்ல ஆளு."

"நான் சொல்றது வேறங்க."

லேத்துக்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். "ஏதாவது நடந்துச்சா?"

"இல்ல. நடக்கறதுக்கு முன்னாடி சொல்றேன்."

"என்னைப் பிடிக்காமப் போச்சா?"

"பிடிக்காமப் போயிருந்தா இவ்வளவு கஷ்டம் இல்லயே. பொட்டியத் தூக்கிக்கிட்டுப் போயிருப்பேன்."

அவர் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நாலு நாள் தகவல் இல்லை. அவள் கடையைத் திறந்து தைத்தாள். அந்த வாரம் ஒருவருடைய சீட் கவரை உள்பக்கம் வெளியே தெரியத் தைத்து, பிரித்து, மறுபடியும் அதே மாதிரி தைத்தாள். ஐந்தாம் நாள் அவர் புழுதியும் தாடியுமாக வந்தார். நேராக என் கடைக்குத்தான் வந்தார். சவரம் செய்துகொண்டு வீட்டுக்குப் போனார். அங்கே அவர் பேசியது, அவள் கணக்குப்படி, கல்யாணத்துக்குப் பிறகு சேர்ந்தாற்போல் பேசிய அதிகபட்சப் பேச்சு.

"அவனை அடிக்கலாம்னு நெனச்சேன். அவன் சிரிச்சுக்கிட்டே வாங்கிப்பான், எனக்குத்தான் கை வலிக்கும். உன்னை விட்டுட்டு இருக்க முடியுமான்னு நாலு நாள் இருந்து பார்த்தேன். முடியல. இதை எப்படிச் செய்யறதுன்னு எனக்குத் தெரியாது. மெதுவாப் போகலாம். ஒண்ணே ஒண்ணு, எதையும் மறைக்காத."

மெதுவாகத்தான் போனார்கள். ஒரு வருஷம் தபால்காரர் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் வந்தார். அப்புறம் சனிக்கிழமையே வந்தார். அப்புறம் மாடி அறைக்குப் பெட்டியோடு வந்தார். வாசல் சுவரில் இரண்டு ஹெல்மெட் தொங்கிய இடத்தில் மூன்றாவதற்கு ஆணி அடித்தது லேத்துக்காரர். ஊசிக்கு இரண்டு பேர் மேலும் காதல். இரண்டு பேருக்கும் அது தெரியும். யாரும் யாரிடமும் ஒளித்துக்கொள்ளவில்லை. ஆண்கள் இருவரும் சண்டை போட்டதெல்லாம் குளியலறையில் யார் முதலில், செயினுக்கு எந்த எண்ணெய் என்பதற்குத்தான். "பேசறதுக்குன்னு வீட்ல ஒரு ஆள் வந்துட்டதால எனக்கு வேலை மிச்சம்" என்று லேத்துக்காரர் என்னிடம் ஒருமுறை சொன்னார்.

வெளியே அப்படி இல்லை. ஊசியின் அக்கா வந்து நின்றாள்.

"ஊரே சிரிக்குதுடி."

"சிரிக்கட்டும்க்கா. நான் யாரையும் அழ வைக்கலயே."

"என்னை அழ வைக்கறியே."

அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். பிறகு வருஷக்கணக்கில் அந்தப் படியை மிதிக்கவில்லை.

கிளப்பில் விஷயம் வெடித்ததற்கு நானே காரணம். ஒவ்வொரு உறுப்பினரும் ஒரு கார்டு எழுதித் தர வேண்டும்: பெயர், ரத்த வகை, விபத்து என்றால் யாருக்குச் சொல்வது, அவர் என்ன உறவு. கார்டுகளை வைத்திருப்பவன் நான். லேத்துக்காரர் கார்டில் ஊசி பெயரும் எதிரே ‘மனைவி’ என்றும் இருந்தது. அந்த வருஷம் தபால்காரர் கார்டிலும் அதே பெயர். உறவு என்ற இடத்தில் ‘வீட்டுக்காரி’ என்று எழுதியிருந்தார். பேசாமல் அடுக்கி வைத்திருக்கலாம். நான் அதை பிரேக்கிடம் காட்டினேன். பிரேக் என்பவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். எதைச் சொன்னாலும் முதலில் வேண்டாம் என்பார், அதனால் அந்தப் பெயர்.

பங்க் பின்னாலிருந்த தகரக் கொட்டகையில் கூட்டம் போட்டார்கள். பிரேக் எழுந்தார். "இது குடும்பங்கள் வர்ற கிளப்பு. என் மருமக வர்றா. நாளைக்கு அவ, இது என்ன உறவு மாமான்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

பின்வரிசையிலிருந்து மருமகள் சொன்னாள்: "நான் கேக்கவே இல்லயே மாமா."

சிரிப்பு அடங்கியதும் லேத்துக்காரர் எழுந்தார். "கார்டு எதுக்கு? விழுந்தா யாருக்குப் போன் பண்றதுன்னு. அவன் விழுந்தா என் வீட்டுக்குத்தான் போன் வரணும். அவ எடுக்கலன்னா நான் எடுப்பேன். வேற என்ன வேணும் உங்களுக்கு?" உட்கார்ந்துவிட்டார்.

அவர்கள் மூவர் போக இருபது பேர் கை தூக்கினோம். இருக்கட்டும் என்று பதினொன்று. போகட்டும் என்று ஒன்பது. ஒன்பதில் ஒன்று என் கை. தர்மம் நியாயம் எதுவும் காரணமில்லை. என் கடைக்கு வருகிறவர்கள் என்ன சொல்வார்களோ என்ற பயம், அவ்வளவுதான்.

அடுத்த வாரம் ஊசி கணவரோடு முடிவெட்ட வந்தாள். அவர் நாற்காலியில், அவள் பெஞ்சில்.

"நீங்க எந்தப் பக்கம் கை தூக்கினீங்கன்னு பார்த்தேன்."

நான் கத்தரியைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"கத்தரிய வச்சுக்கிட்டு நிக்கற ஆளோட நான் சண்டைக்கு வர மாட்டேன். காதோரம் ஒழுங்கா எடுங்க, போன தடவை கோணலாப் போச்சு."

அதற்குப் பிறகு ஆறு வருஷம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. மூன்று பேரும் வேலைக்குப் போனார்கள், ஞாயிற்றுக்கிழமை வண்டி ஓட்டினார்கள். ஊருக்கும் வேறு பேச்சு கிடைத்தது.

பிறகு லென்ஸ் வந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள். கணவர் இறந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. அவர் விட்டுப்போன கனமான பழைய வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தாள். எங்களில் பாதிப் பேரைவிட நன்றாக ஓட்டினாள். ஏழெட்டு மாதம் கழித்து ஒரு காலை, தபால்காரர் சாப்பிட உட்கார்ந்த இடத்தில் சொன்னார்: "உங்க ரெண்டு பேர்கிட்டயும் மறைக்கக் கூடாது. எனக்கு லென்ஸைப் பிடிச்சிருக்கு. அவளுக்கும்தான்."

ஊசி "சரி" என்றாள். எழுந்துபோய், கழுவி வைத்த பாத்திரங்களை மறுபடியும் கழுவினாள். அந்தச் சரி சரியில்லை என்பது தபால்காரருக்கே புரிந்தது. அவள் என்னிடம் பிற்பாடு சொன்னாள்: "சொல்றது அன்னிக்கு எனக்கு அவ்வளவு சுலபமா இருந்துச்சு. கேக்கறது எப்படி இருக்கும்னு யோசிக்கவே இல்ல. இவர் அந்த நாலு நாள் எப்படித் தாங்கினாருன்னு அப்பத்தான் முதல் தடவையா நெனச்சேன்."

அன்று மாலையே பட்டறைக்குப் போய்க் கேட்டாள். "அன்னிக்கு உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

லேத்துக்காரர் மெஷினை அணைத்தார். "இதைக் கேக்க இவ்வளவு வருஷமாச்சா? நெஞ்சுல ரம்பம் வச்ச மாதிரி இருந்துச்சு. அப்புறம் குறைஞ்சுது. இப்பவும் சில நாள் இருக்கும்."

"ஒரு நாளும் சொல்லலயே. மறைக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நீ மறைக்கக் கூடாதுன்னுதான் சொன்னேன். என்னைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலயே."

அவர் பக்கத்தில் இருந்த இரும்புச் சுருள் குவியலைக் காலால் ஒதுக்கிவிட்டு அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

புரிந்துவிட்டால் கோபம் போய்விடும் என்பார்கள். அவளுக்குப் போகவில்லை. வருஷா வருஷம் கிளப்பில் ஐந்து நாள் மலைப் பயணம் போவோம். அதற்குப் பத்து நாள் முன்னால் லென்ஸ் அவள் கடைக்கு வந்தாள். சீட் நடுவில் பிளந்து ஃபோம் தெரிந்தது.

"ரெக்சின் தீர்ந்துபோச்சு. அடுத்த மாசம்தான் வரும்" என்றாள் ஊசி.

அவள் முதுகுக்குப் பின்னால் இரண்டு முழுச் சுருள் சாத்தியிருந்தது. பார்வையைச் சரிசெய்து பிழைக்கிறவளுக்கு அது தெரியாமல் இருக்குமா? லென்ஸ் சுருளைப் பார்த்தாள், ஊசியைப் பார்த்தாள், "சரிங்க" என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போனாள்.

இரண்டாம் நாள் மலை ஏறும்போது மழை பிடித்துக்கொண்டது. லென்ஸ் சீட்டின் மேல் பிளாஸ்டிக் தாளை இழுத்துக் கட்டியிருந்தாள். ஃபோம் தண்ணீரைக் குடித்து ஊறியது. தாள் வழுக்கியது. ஒரு வளைவில் அவள் உடம்பே சறுக்கிக்கொண்டு போனதைப் பின்னால் வந்த நான் பார்த்தேன். காலை ஊன்றி எப்படியோ நிமிர்த்திவிட்டாள். அதற்குப் பிறகு ஃபுட் ரெஸ்ட்டில் நின்றுகொண்டே மணிக்கணக்காக ஓட்டினாள். மலையில் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். எல்லோரும் பெஞ்சில் உட்கார்ந்தோம். அவள் மட்டும் உட்கார முடியாமல் நின்றபடி டீ குடித்தாள். பிரேக்தான் கேட்டார்.

"ஏம்மா, சீட்டைத் தைச்சுட்டு வரக் கூடாதா? நம்ம ஊசி இருக்காளே."

"நேரம் கிடைக்கல மாமா" என்றாள் லென்ஸ்.

ஊசி டம்ளரை வைத்துவிட்டு எழுந்தாள். "நேரம் இருந்துச்சு. ரெக்சினும் இருந்துச்சு. நான்தான் இல்லன்னு பொய் சொன்னேன்."

ஊசி வண்டியிலிருந்து சாமான் பையை எடுத்தாள். லென்ஸின் சீட்டைக் கழற்றி, ஃபோமைத் துணி பிழிகிற மாதிரி பிழிந்தாள். ஒட்டுப் போடத் துண்டு வேண்டும். தன் வண்டியில் தொங்கிய புதுப் பக்கப்பையைக் கத்தியால் கிழித்தாள். தகரக் கூரைக்குக் கீழே குத்துக்காலிட்டு உட்கார்ந்து மெழுகு நூலில் தைக்க ஆரம்பித்தாள். எதிரே மண்டிபோட்டு சீட்டைப் பிடித்துக்கொண்டது லென்ஸ்.

"இழுத்துப் பிடிங்க. இன்னும். இல்லன்னா சுருக்கம் விழும்."

"என் மேல கோவமா?"

"ஆமா."

"நான் அவரை எடுத்துக்கிட்டுப் போக வரல."

"எனக்குத் தெரியும். தெரிஞ்சும் கோவம் வருது. அதான் அசிங்கமா இருக்கு."

லென்ஸ் சீட்டை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். "எங்க வீட்டுக்காரர் போனப்புறம் என்கிட்ட எல்லாரும் பாவமாத்தான் பேசுவாங்க. இவர் கடைக்குத் தபால் குடுக்க வந்தப்ப ஒரு ஜோக் சொன்னார். நல்லாவே இல்ல. ஆனா சிரிச்சுட்டேன்."

"அவர் ஜோக் எதுவுமே நல்லா இருக்காது" என்றாள் ஊசி, நூலைப் பல்லால் கடித்தபடி.

இரண்டு மணி நேரம் எல்லோரும் காத்திருந்தோம். யாரும் முணுமுணுக்கவில்லை, பிரேக்கைத் தவிர.

அதோடு எல்லாம் சுமுகமாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். புதனும் வியாழனும் தபால்காரர் லென்ஸ் வீட்டில் என்று முடிவாயிற்று. அந்த இரண்டு நாளும் ஊசி கடையில் யாரும் வாயைக் கொடுக்க மாட்டோம். அவருடைய சீருடைச் சட்டை எந்த வீட்டில் இருக்கிறது என்பது அவருக்கே தெரியாது. ஒரு நாள் கிளப் பனியனோடு தபால் கொடுக்கப் போய் மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். ஒரு தடவை ஊசி அவரை முழுசாகப் போகச் சொல்லிவிட்டாள். ஒரு மாதம் அவர் அந்தப் பக்கம் வரவில்லை. சமாதானம் பேசப் போனது லேத்துக்காரர். என்ன பேசினார் என்று கேட்டேன். "ஒண்ணும் பேசல. செயின் லூசா இருந்துச்சு, டைட் பண்ணிக் குடுத்துட்டு வந்தேன்" என்றார். மறுநாள் தபால்காரர் வீட்டுக்கு வந்தார். இரண்டு மூன்று வருஷத்தில் பழகிப்போனது. ஊசியும் லென்ஸும் தோழிகள் ஆனார்களா என்றால், இல்லை. ஒருவர் மேல் ஒருவருக்கு மரியாதை வந்தது.

ஊசிக்கு நாற்பத்தெட்டு நடக்கும்போது லேத்துக்காரருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. முதலில் வலது கை. டாக்டர் வியாதியின் பெயரைச் சொன்னார்; கூடிக்கொண்டேதான் போகும், மெதுவாகக் கூடும் என்றும் சொன்னார். அந்த மாதமே அவர் லேத்தை விட்டார். அடுத்த வருஷம் வண்டியை விட்டார். சட்டைப் பட்டன்கூடப் போட முடியாத நாட்களில் தபால்காரர் போட்டுவிடுவார்.

செய்தி கேட்டு அக்கா ஒரு காலையில் வந்தாள். கதவு திறந்தே இருந்தது. கூடத்தில் லேத்துக்காரரை ஸ்டூலில் உட்கார வைத்து, தாடையைப் பிடித்துக்கொண்டு, தபால்காரர் சவரம் செய்துகொண்டிருந்தார். அக்கா வாசலில் நின்று அதைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய், அரிவாள்மணையை எடுத்து வைத்துக் காய் நறுக்கினாள். அன்றிலிருந்து மாதம் ஒரு தடவை வருகிறாள். தபால்காரரோடு நேராகப் பேச மாட்டாள். "அவரைச் சாப்பிடச் சொல்லு" என்று சுவரிடம் சொல்வாள். "வந்துட்டேன்னு சொல்லுங்க" என்று அவரும் சுவரிடமே சொல்வார்.

சைடுகார், அதாவது வண்டிக்குப் பக்கத்தில் ஆள் உட்காரப் பூட்டும் ஒற்றைச் சக்கரத் தொட்டி, லென்ஸுடைய யோசனை. அவள் கணவர் காலத்தில் அந்தப் பழைய வண்டிக்கு ஒன்று இருந்ததாம். லேத்துக்காரரிடம் சொன்னதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "என்னை மூட்டை மாதிரி கட்டி இழுத்துக்கிட்டுப் போகப் போறீங்களா?" ஆனாலும் ஒரு வாரம் கழித்து, நடுங்கும் கையால், அளவு போட்டு ஒரு படம் வரைந்து வைத்திருந்தார். கோடுகள் கோணல், அளவுகள் துல்லியம். வெல்டிங் வேலையைத் தெரிந்த பட்டறையில் செய்தார்கள். உள்ளே சீட் ஊசி தைத்தாள். அவள் வண்டியில்தான் பூட்டினார்கள்.

சைடுகார் பூட்டிய வண்டி நேராகப் போகாது. ஒரு பக்கம் இழுக்கும். ஊசி முதல் நாள் வேலிக்குள் விட்டாள். கற்றுக்கொடுக்க லென்ஸ் வந்தாள். காலியான மைதானத்தில் லேத்துக்காரருக்குப் பதில் இரண்டு மணல் மூட்டைகளை வைத்துப் பழகினார்கள். "பயப்படாம முறுக்குங்க, உடம்பை அந்தப் பக்கம் போடுங்க" என்று லென்ஸ் கூடவே ஓடினாள். நானும் லேத்துக்காரரும் ஓரத்தில் நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு திருப்பத்தில் மூட்டை இரண்டும் பறந்துபோய் விழுந்தன.

"மூட்டைக்கே இந்தக் கதின்னா, எனக்கு?" என்றார் அவர்.

மூன்று மாதத்தில் அவள் நன்றாகவே ஓட்டினாள்.

இப்போது ஊசிக்கு ஐம்பத்துநாலு. கடை இருக்கிறது, மதியம் வரை மட்டும் திறக்கிறாள். லென்ஸ் அடுத்த தெருவுக்கே வீடு மாற்றிக்கொண்டு வந்துவிட்டாள், தபால்காரரின் அலைச்சல் குறையட்டும் என்று. லேத்துக்காரரின் பேச்சு இன்னும் சன்னமாகிவிட்டது. பக்கத்தில் குனிந்தால்தான் கேட்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை நீர்த்தேக்கம் வரை போனோம், பன்னிரண்டு வண்டி. திரும்பும் வழியில் லேத்துக்காரர் சைடுகாரில் தூங்கிப்போனார். முந்தைய வாரம் முழுக்க அவருக்குத் தூக்கம் இல்லை என்று ஊசி காலையில் சொல்லியிருந்தாள். அவள் திரும்பிப் பார்த்தாள், வேகத்தைக் குறைத்தாள், இரண்டாவது கியருக்கு வந்தாள், மேலே போகவே இல்லை. அவளுக்குப் பின்னால் தபால்காரர், அப்புறம் லென்ஸ், அப்புறம் நாங்கள். சைக்கிளில் போனவர்கள் எங்களை முந்திக்கொண்டு போய்த் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். பிரேக் வாழ்நாள் முழுக்கப் பஸ்ஸில் எல்லாரையும் முந்தியவர். அவரும் ஹார்ன் அடிக்காமல் வரிசையில் வந்தார். பதினொரு மணிக்கு வந்து சேர வேண்டியவர்கள் ஒன்றரைக்கு வந்தோம். என் கடைக்கு முன்னால் மூன்று பேர் காத்திருந்து கோபித்துக்கொண்டு போய்விட்டார்களாம். போகட்டும் என்றேன்.